தென்னை நிழலில் மஞ்சள்



கிண்ணியாவின் மணற்பாங்கான ஊர்ப்புறங்களிலே தென்னை நிற்காத வளவு அரிது. அதன் நிழல் விழும் நிலத்தையோ நாம் கூட்டிப் பெருக்குவதோடு விட்டுவிடுகின்றோம். அந்நிலத்தில் நிழலை விரும்பும் பல்லாண்டுப் பயிர்களை, மரத்துக்கு ஊறு நேராவண்ணம் வளர்ப்பது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. சல்லிவேர்களே அடிமரத்தைச் சூழ்ந்து பரவுகின்றன. கேரளத்துக் காசர்கோட்டு ஆராய்ச்சியாளர்கள், நன்கு பராமரித்த மரத்தின் வேர்களுள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, அடியிலிருந்து 2 மீற்றருக்குள் அடங்கியிருக்கக் கண்டனர். எனவே அவ்வட்டத்தினுள் பயிருக்காக மண்வெட்டி புகலாகாது. 26 அடி இடைவெளியில் நட்ட இரு மரங்களுக்கு நடுவே, இருமருங்கும் ஆறரை அடி விட்டாலும் 13 அடி நிலம் எஞ்சுகின்றது. நமக்குரியது அதுவே.

மரத்தின் வயதையும் நோக்குதல் வேண்டும். ஏறக்குறைய 8 வயது முதல் 25 வயது வரை ஓலைகள் தாழ்ந்து அடர்ந்து நிற்றலால், கீழே ஒளி போதாது. ஓங்கி வளர்ந்த முதுமரங்களின் கீழ் விழும் சிதறிய வெயிலே மஞ்சளுக்கு ஏற்றது.

மஞ்சளை விதந்து கூறக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டது. 2020இல் அதன் விலை பன்மடங்கு உயர்ந்தது. கறிக்கு ஒரு சிட்டிகை மஞ்சள் தேடி இல்லத்தரசியர் இடர்ப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். வளவிலே பத்து மூடு மஞ்சள் இருந்த வீட்டுக்கு அவ்விடர் பெரிதன்று. தோண்டும்போது சில கிழங்குகளை மண்ணிலேயே விட்டுவைத்தால், அடுத்த மழைக்கு அவை தாமே முளைக்கும்.

மாரிமழை தொடங்கும் ஐப்பசியில், மக்கிய எருவிட்ட சிறு குழிகளில் கிழங்கை நடுக. மேலே காய்ந்த ஓலையோ பொச்சுமட்டையோ பரப்பி ஈரத்தைக் காக்க. ஒன்றை மட்டும் மறவாதீர்: நிழல் விலையின்றிக் கிடைக்கும், நீர் அவ்வாறு கிடைப்பதன்று. தை கழிந்தபின் கிணறு வற்றும் வளவிலும், நீர் உவர்க்கும் வளவிலும் மஞ்சளை மிகுதியாக நட்டால், அது மரத்தின் நீரைப் பங்குபோடும்; இளநீரும் குறையும், கிழங்கும் சிறுக்கும். ஆகையால் கோடையில் எத்தனை வாளி நீர் ஊற்ற இயலுமென்று முதலில் கணக்கிடுங்கள். அக்கணக்குக்கு ஏற்ப நடுங்கள்.