பழைய மாணவர் என்போர் யாவர்?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒன்றாகப் படித்தவர்கள் பல்லாண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒன்றுகூடும் வழக்கம் நம் ஊவா மாகாணத்திலும் வளர்ந்து வருகின்றது. ஆசிரியப் பெருமக்களுக்கு மாலை, எல்லோரும் நின்று ஒரு படம், வயிறார விருந்து என்று அந்நாள் இனிதே கழிகின்றது. நல்ல காரியமே. ஆயினும், அக்கூட்டத்திற்கு வந்தவர்களை எண்ணி மகிழும் நாம், வராதவர்களை எண்ணிப் பார்ப்பதுண்டா? இன்று அதைக் குறித்தே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

பள்ளித் தோழர் மீண்டும் சந்தித்த கதைகள் இரண்டு நம் சமய நூல்களில் உண்டு. ஒன்று குசேலர் கதை. கந்தல் உடுத்து, மனைவி முடிந்து கொடுத்த அவலோடு துவாரகைக்கு வந்தவரைக் கண்ணபிரான் ஓடிச் சென்று தழுவினார்; பாதங்களைக் கழுவித் தம் மஞ்சத்தில் இருத்தினார். பின்னர் இருவரும் பேசியது என்ன? சாந்தீபனி முனிவரிடம் படித்த காலத்தில் விறகு பொறுக்கக் காட்டுக்குப் போய், மழையில் வழி தெரியாமல் இரவெல்லாம் தவித்ததைப் பற்றிப் பேசினார்கள். மற்றையது துருபதன் கதை. ஒரே ஆசிரமத்தில் தன்னோடு பயின்ற துரோணர் வறுமையோடு வந்து நின்றபோது, அரசனுக்கும் ஏழைக்கும் ஏது நட்பு என்றான் பாஞ்சால மன்னன். அவ்வொரு சொல்லின் பயனாக அவன் பாதி நாட்டை இழந்தான். அந்தப் பகை குருக்ஷேத்திரம் வரை நீண்டது. இரண்டிடத்தும் நிகழ்ந்தது ஒன்றே. பழைய தோழன் வாசலில் வந்து நின்றான். வரவேற்ற விதத்திலேதான் வேறுபாடு. நட்பைப் பாடிய வள்ளுவரும் பழைமை என்று தனியாக ஓர் அதிகாரம் வகுத்திருப்பதை அன்பர்கள் நினைவுகூர வேண்டும்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். தோட்டத்துப் பிள்ளைகளின் கல்விக்குத் தோட்ட நிர்வாகமே வசதி செய்ய வேண்டுமென்று 1920ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. ஆனால், நமுனுகுலையிலும் மடுல்சீமையிலும் பூனாகலையிலும் பள்ளிக்கூடம் என்று இருந்தவற்றுட் பல ஒரேயொரு மண்டபமே. வாத்தியார் ஒருவர், வகுப்புகள் ஐந்து. 1970களில் தொடங்கியே அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. ஐந்தாம் வகுப்புக்குமேல் படிக்க விரும்பியோர் பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை என்று பட்டணங்களை நோக்கி நடந்தார்கள். நடக்க வசதியில்லாதோர் செக்ரோலில் பேர் பதிந்து மலைக்குப் போனார்கள். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்ட பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! முதலாம் வகுப்பில் நம்மோடு பலகையில் எழுதியவர்களுள் பரீட்சை மண்டபம் வரை வந்தவர் மிகச் சிலரே.

இப்பொழுது பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு அழைப்பு எழுதுகின்றோம். யாருக்கு எழுதுகின்றோம்? பெரும்பாலும் பரீட்சையிற் சித்தியடைந்து உத்தியோகத்தில் அமர்ந்தவர்களுக்கே எழுதுகின்றோம். மண்டபத்துக்கு இரண்டு கட்டை தூரத்தில், கொழுந்துக் கூடையோடு நிற்கும் தோழிக்கு அழைப்புப் போவதில்லை. போனாலும், “அவர்கள் எங்கே, நாம் எங்கே” என்று அவர் ஒதுங்கிவிடுகின்றார். துருபதன் சொன்ன வார்த்தையைத் துரோணரே சொல்லிக்கொள்ளும்படி செய்துவிட்டோம். இது பெரும் வெட்கம்.

மற்றொரு கூட்டத்தார் கடல் கடந்தவர்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30ஆந் திகதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பெரியவர்கள் இதை எண்ணிக்கையாக அறிவார்கள். பள்ளிப் பிள்ளைகள் வாங்கில் வெற்றிடமாக அறிந்தார்கள். ஒரே வாங்கில் இருந்த இருவருள் ஒருவரின் தகப்பனாருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. மற்றவர் இங்கே நின்றார். அந்த ரயிலுக்கு நம் மக்கள் “அழுகைக் கோச்சி” என்றே பெயரிட்டார்கள். மலையிறங்கித் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பின்பு மண்டபம் முகாம், அதற்குப் பின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் தேயிலை. கடிதங்கள் சில காலம் வந்தன. பிறகு விலாசம் மாறி நின்றன. 1984இல் கப்பலும் நின்றது. 2003ஆம் ஆண்டின் சட்டம் இங்கே எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை அளித்தது. ஆனால், பிரிந்த தோழரைச் சேர்த்து வைக்கச் சட்டத்தால் இயலுமா? அது நம் கடமை. அன்று பிள்ளைகளாய்ப் போனவர்கள் இன்று அறுபது, எழுபது வயதைக் கடந்துவிட்டார்கள். காலந் தாழ்த்த இடமில்லை.

1983 ஜூலையில் பதுளை நகர் எரிந்தபோது வவுனியாப் பக்கம் போய்க் குடியேறியவர்களும் உண்டு. 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை யாரும் மறக்க முடியாது. பள்ளிக்குப் புறப்பட்டுச் சென்றிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் பலர். வீடும் உறவும் மண்ணுக்குள் போன அப்பிள்ளைகளுக்குப் பழைய வாழ்வின் சாட்சியாய் எஞ்சியது வகுப்புத் தோழரின் முகமே. பள்ளித் தோழமையின் பெறுமதியை இதைவிடத் தெளிவாக யார் உணர்த்த முடியும்?

ஆகவே, வாலிப அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

முதலாவது, ஒன்றுகூடலுக்கு அழைப்பதற்குச் சித்திப் பட்டியலை எடுக்காதீர்கள். பள்ளியின் சேர்வு இடாப்பை எடுங்கள். ஒருநாள் படித்தவரும் அதில் இருக்கின்றார். அதில் பெயருள்ள யாவரும் பழைய மாணவரே.

இரண்டாவது, அழைப்பைத் தபாலிலோ தொலைபேசியிலோ அனுப்பி அமையாது, லயத்துக்கு நேரே செல்லுங்கள். சம்பள நாளையும் வேலை நாளையும் விசாரித்து, ஞாயிற்றுக்கிழமையாய்ப் பார்த்து வையுங்கள். சந்தாப் பணத்தை வாசலில் கேட்காதீர்கள். மேடையில் உத்தியோகப் பெயர் சொல்லி அழைக்காது, அன்று வாத்தியார் இடாப்பில் கூப்பிட்ட பெயரைச் சொல்லியே அழையுங்கள். எல்லோருக்கும் ஒரே பந்தி.

மூன்றாவது, கடல் கடந்தவர்களின் பெயர்களைத் தோட்டம், பிரிவு, வகுப்பு வாரியாக இன்றே எழுதி வையுங்கள். ஊரிலுள்ள முதியோரிடம் கேளுங்கள்; நீலகிரியிலுள்ள உறவினர் மூலம் தேடுங்கள். முகம் பார்த்துப் பேசக் கைத்தொலைபேசி இருக்கும் இக்காலத்தில், தேட மனமில்லாமையே தடை.

இப்படிக் கூடினால் பயன் என்ன என்று சிலர் கேட்கலாம். கொழுந்து பறிக்கும் தோழியின் பேரப்பிள்ளை இன்று அதே பள்ளியில் படிக்கின்றது. கணக்கிலோ ஆங்கிலத்திலோ அப்பிள்ளை பின்தங்கி நிற்பதைப் பாட்டியின் வகுப்புத் தோழர் அறிந்தால் சும்மா இருப்பாரா? நட்பு புதுப்பிக்கப்பட்டால் உதவி தானே வரும். தருமம் என்ற பெயரும் அதற்கு வேண்டியதில்லை.

குசேலர் துவாரகைக்கு நடந்தார். நம் தோட்டத்துக் குசேலர்களோ நடந்து வரமாட்டார்கள். மானம் அவர்களைத் தடுக்கும். ஆதலால் இங்கே கண்ணன்தான் குசேலர் வீட்டுக்குப் போகவேண்டும். போகும்போது அவலும் நாமே கொண்டு போவோம்.