வராத கரண்டுக்கு என்ன விலை?

(மன்னார்குடி வட்டார விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மின்சாரத்துக்கு என்ன விலை என்று கேட்டால், சர்க்கார் அச்சடித்த கட்டணப் பட்டியலை நீட்டுகிறது. வராத மின்சாரத்துக்கு என்ன விலை என்று கேட்டால் பதில் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. புது டிரான்ஸ்பார்மர் வையுங்கள், பழைய கம்பியை மாற்றுங்கள், காலியாகக் கிடக்கும் லைன்மேன் வேலைகளுக்கு ஆள் போடுங்கள் என்று சொன்னால், "செலவுக்குத் தகுந்த வரவு எங்கே?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். விவசாயத்துக்கு 1990 முதல் இலவச மின்சாரம். இலவசமாக வருவது சற்று நேரம் நின்றால் என்ன குடி முழுகிப் போகிறது என்று கேட்பவர்களும் உண்டு.

குடி முழுகுகிறதா இல்லையா, கணக்குப் போட்டே பார்ப்போம்.

5 குதிரைசக்தி மோட்டார் மணிக்கு ஏறக்குறைய நாலரை யூனிட் இழுக்கும். கரண்டு நின்றால் அதே தண்ணீரை இறைக்க டீசல் என்ஜின் வேண்டும். அது மணிக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல். என்ஜின் வாடகையைத் தள்ளிவிட்டாலும், வராமல் போன ஒவ்வொரு யூனிட்டுக்கும் விவசாயி 20 ரூபாய் மடியிலிருந்து அவிழ்க்கிறான். ஏட்டில் இலவசம் என்று எழுதியிருக்கிற யூனிட்டுக்கு வயலில் இதுதான் விலை!

இதுவும் என்ஜின் கிடைத்தவன் கணக்கு. கிடைக்காதவன் கதி என்ன? குறுவை நாற்றை 20, 25 நாளில் பிடுங்கி நட்டாக வேண்டும். முற்றிய நாற்று தூர் கட்டாது. நாற்று யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

2012-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை செப்டம்பர் 17-ல்தான் திறந்தது. போர் வைத்திருந்தவர்தான் குறுவையைப் பற்றி நினைக்கவே முடிந்தது. அதே ஆண்டில்தான் தமிழ்நாட்டில் மின்வெட்டும் உச்சத்தில் இருந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை, கம்பியில் கரண்டு இல்லை! சென்னைக்கு 2 மணி நேர வெட்டு. மாவட்டங்களிலோ 10 மணி நேரத்துக்கும் மேல். யாருடைய இருட்டு விலை உயர்ந்தது என்று இதிலேயே தெரியவில்லையா?

நிபுணர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். "தடையில்லாமல் மின்சாரம் வர எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டு, அந்தத் தொகையையே நஷ்டத்தின் அளவு என்று வைத்துக்கொள்வார்கள். ஆலை முதலாளி பெரிய தொகை சொல்வான். நமது நடவுப் பெண் என்ன சொல்வாள்? விடியற்காலையில் வயலுக்கு வருகிறாள். சேறடிக்கத் தண்ணீர் இல்லை. கரண்டு வரும் வரும் என்று வரப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறாள். அவளுக்கு அந்த நாள் கூலியே போயிற்று. மின் இணைப்பு மிராசுதார் பெயரில். நஷ்டம் அவள் வயிற்றில். அவளிடம் யாரும் கேட்கப்போவதும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. மீட்டர் இல்லாத பம்புசெட்டுகளுக்குக் குதிரைசக்திக்கு இவ்வளவு என்று வருஷக் கணக்கில் சர்க்கார் பணம் கட்டுகிறது. கரண்டு 5 மணி நேரம் வந்தாலும் 15 மணி நேரம் வந்தாலும் அதே தொகைதான். நின்றுபோன மணி நேரம் எந்த ஏட்டிலும் ஏறாது. மின்தடைப் புள்ளிவிவரத்தையும் பெரும்பாலும் 11,000 வோல்ட் பீடரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நம் ஊர் டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போய் இரண்டு நாள் கிடந்தாலும் அங்கே தடையே இல்லை!

நஷ்டஈடு கிடையாதா என்றால், உண்டு. 2003 மின்சாரச் சட்டத்தின் 57-வது பிரிவு சொல்கிறது. அதன்படி மாநில ஒழுங்குமுறை ஆணையம் 2004-ல் போட்ட விதியில், சரிசெய்யத் தாமதமாகும் ஒவ்வொரு 6 மணி நேரத்துக்கும் 50 ரூபாய், உச்சம் 2,000 ரூபாய் என்று எழுதினார்கள். 6 மணி நேரத்துக்கு டீசல் மட்டுமே 500 ரூபாயைத் தாண்டுகிறது. மோட்டார் காயில் எரிந்தால் அது வேறு.

செலவுப் பக்கத்துக்கு வருவோம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்தன. இந்த மன்னார்குடி வட்டாரத்துக் கிராமங்கள் நாள் கணக்கில், வாரக் கணக்கில் இருளில் கிடந்தன. கம்பத்தை நட்டது யார்? இடுப்பளவு தண்ணீரில் நின்ற தொழிலாளி. கேரளத்திலிருந்துகூட மின் ஊழியர்கள் வந்து தோள் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட ஆளுக்குக் கொடுக்கும் சம்பளத்தைத்தான் வீண் செலவு என்று ஏட்டில் கழிக்கிறார்கள். ஒப்பந்தக் கூலியாக வைத்துக்கொண்டு, வேலையை நிரந்தரமாக்க மறுக்கிறார்கள். ஒரு டிரான்ஸ்பார்மரை நம்பி எத்தனை பம்புசெட்! ஒரு போகத்தில் அத்தனை பேரும் வாங்கும் டீசலைக் கூட்டிப் பார்த்துவிட்டு, செலவுக்கு வரவு உண்டா இல்லையா என்று பேசட்டும்.

2022 ஆகஸ்டில் கட்டண உயர்வு பற்றி ஆணையம் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கருத்துக் கேட்டது. தஞ்சைச் சீமைக்கு வரவில்லை. அடுத்த தடவை எங்கே கூட்டினாலும் நாம் போக வேண்டும். கையில் கணக்கோடு போக வேண்டும். ஆகவே தோழர்களே, ஒவ்வொரு கிளையும் இந்தப் போகத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு நின்றது, எப்போது வந்தது, எத்தனை லிட்டர் டீசல், எத்தனை மோட்டார் எரிந்தது, எத்தனை பெண்கள் கூலியில்லாமல் திரும்பினார்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைசிக் கலத்தை எந்த அதிகாரியும் எழுதமாட்டான்; அதை முதலில் எழுதுங்கள்.