சுவர் நிற்கிறது, வாயில் திறந்ததா?



மாநகரின் கட்டடங்களைப்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கட்டடத்தைப்பற்றிப் பேச இவன் என்ன பொறியாளனா என்று கேட்பீர்கள். இல்லை, கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டவன். ஆனால் நாடகக்காரன். நாடக மேடையில் இருப்பது ஒரே பலகைதான். முதற்காட்சியில் அது கொலுமண்டபம். அடுத்த காட்சியில் கூரை வீடு. அதற்கடுத்த காட்சியில் சிறைச்சாலை! திரை மாறும், பலகை மாறாது. திரையைக் கண்டு கைதட்டுவோர் பலர். பலகை உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பவன் நாடகக்காரன் — அது முறிந்தால் விழப்போகிறவன் அவனல்லவா!

சென்னை மாநகரும் அத்தகைய மேடைதான். நூறாண்டுகளில் எத்தனை திரைகள் மாறின! கொடி மாறிற்று, கோட்டையில் அமர்ந்தோர் மாறினர், 1996-இல் ஆங்கிலத்தில் வழங்கிய பெயரும் மாறிற்று. மாறியது எது, மாறாதது எது, மாறியிருக்க வேண்டியது எது — இவைதாம் நான் உங்கள் முன் வைக்கும் மூன்று கேள்விகள்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நடந்து பாருங்கள். 1873-இல் திறக்கப்பட்ட சென்ட்ரல் நிலையம் செந்நிறத்தில் நிற்கிறது. அதனையடுத்து விக்டோரியா பொது மண்டபம், நாடகக் கலைஞர்களின் தாய்வீடு. அதற்கப்பால் வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை. 1909-இல் அடிக்கல் நாட்டி, 1913-இல் திறந்தனர். நூறாண்டைக் கடந்தும் நிமிர்ந்து நிற்கிறது அந்த மணிக்கூண்டு.

கட்டியவர் யார்? வெள்ளையர் என்பார் வரலாற்று நூலை மேலோட்டமாகப் புரட்டியவர். கட்டச் சொன்னவர் வெள்ளையர், கட்டியவர் நம்மவர்! ரிப்பன் மாளிகையைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் லோகநாத முதலியார். 1888-இல் தொடங்கி 1892-இல் திறந்த உயர்நீதிமன்றத்தை எழுப்பியவர் நம்பெருமாள் செட்டியார். இந்த இரு பெயர்களையாவது ஏடு காத்து வைத்தது. செங்கல் சுமந்தவளின் பெயர் எங்கே? சுண்ணாம்பு அரைத்தவனின் பெயர் எங்கே? சாரத்தின் உச்சியில், வயிற்றைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, கலசத்தைப் பொருத்தியவனின் பெயர் எங்கே? கல்வெட்டில் இடமில்லை அவனுக்கு. கட்டடம் முழுதும் அவன் கைரேகை!

அந்த உயர்நீதிமன்றம் நிற்கும் நிலத்தின் கதை தெரியுமா? பழைய கறுப்பர் நகரம் அங்கேதான் இருந்தது. கோட்டையின் பீரங்கிக்குக் குறுக்கே வீடுகள் நிற்கின்றன என்று, 18-ஆம் நூற்றாண்டில் அவற்றை இடித்துத் தரைமட்டமாக்கினர். அங்கிருந்த சென்னகேசவர் கோயிலும் தப்பவில்லை. பின்னர்ப் பூக்கடைப் பகுதியில் புதிதாக எழுந்தது. கறுப்பர் வீடு போன இடத்தில், ஒரு நூற்றாண்டுக்குப்பின், வெள்ளையரின் நீதி மாளிகை. கவிகை மாடம் முகலாயரைப் பார்த்து, வளைவுகள் வடநாட்டு மசூதிகளைப் பார்த்து, உள்ளே நடக்கும் சட்டமோ இலண்டனைப் பார்த்து! ‘இந்தோ-சாரசனிக்’ என்று பெயரிட்டனர் அப்பாணிக்கு. 1857-இல் கிளர்ச்சியைக் கண்டு கலங்கிய ஆட்சி, நானும் இந்த மண்ணின் மன்னர்களின் வழித்தோன்றலே என்று காட்டிக்கொள்ள அணிந்த வேடம் அது என்பேன் நான். வேடம் நன்றாகவே பொருந்திற்று. ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. தைத்தவர் நம் தையற்காரரல்லவா!

அந்தக் கட்டடம் எப்படி நீடித்தது? 1914 செப்டம்பரில் எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் குண்டு வீசிற்று, சுற்றுச்சுவர் அடிபட்டது, மாளிகை நின்றது. 1894 முதல் 1977 வரை அதன் உயர்ந்த கோபுரமே கடலோடிகளுக்குக் கலங்கரை விளக்கம். வழக்காடியவனுக்கு நீதி கிடைத்ததோ இல்லையோ, வழி தவறிய படகோட்டிக்கு வெளிச்சம் கிடைத்தது! பயன்பட்டது, ஆகவே பராமரித்தனர், ஆகவே நின்றது. தோழர்களே, கட்டடம் நீடிப்பதன் இரகசியத்தில் பாதி இதுதான்.

மறுபாதி சுண்ணாம்பில் இருக்கிறது. தேக்கு உத்தரங்களைப் பரப்பி, அவற்றின்மேல் சிறுசெங்கற்களைக் குத்துவாட்டில் சாய்த்துச் செருகி, சுண்ணாம்புக் கலவையால் இறுக்குவர். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பொறியாளர் நூல்களே பெயர் சொல்லும் நம் கொத்தர்களின் கைவண்ணம் அது. சிப்பியைச் சுட்டு, நீற்றி, அரைத்துப் பூசி, சலவைக்கல்லும் தோற்கும்படி தேய்த்தனர் சுவர்களை. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விடும். இன்று சில இடங்களில் பழுது பார்க்கிறேன் என்று பழஞ்சுவரின்மீது சிமெண்டைப் பூசுகின்றனர். ஈரம் உள்ளே சிறைப்படுகிறது, உப்புப் பூக்கிறது, செங்கல் உதிர்கிறது. மூச்சு விடுபவனின் மூக்கைப் பொத்திவிட்டு, முகத்துக்கு மாவு பூசும் மருத்துவம் அது!

இனி மாறியதைக் காண்போம். மாம்பலத்தில் நீண்டு கிடந்தது ஓர் ஏரி. 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே ஏரி நிலத்தில் தியாகராய நகர் எழுந்தது. நடுவே பனகல் பூங்கா. சுற்றிலும் வராந்தாவும் கிணறும் மாமரமும் கொண்ட வீடுகள். பிறகு வீடு இடிந்து அடுக்ககம் வந்தது. அடுக்ககத்தின் கீழ்த்தளம் கடையாயிற்று. கடை வளர்ந்து மாடியை விழுங்கிற்று. ஏரி வீடாயிற்று, வீடு கடையாயிற்று — நூறே ஆண்டில்! வணிகம் வளர்ந்தது, வேலை கிடைத்தது; மறுக்கவில்லை நான். ஆனால் 2017 மே மாதத்தில் அங்கே ஏழு மாடி ஜவுளிக் கடையொன்று பற்றி எரிந்தபோது, நெருக்கத்துக்கு நகரம் தரும் விலை என்ன என்று கண்டோம். 2021 நவம்பர் மழையில் தெருக்களில் தண்ணீர் தேங்கி நின்றபோது, ஏரி தன் பழைய முகவரிக்குத் திரும்பி வந்ததைக் கண்டோம். பட்டா மாறலாம், பள்ளம் மாறாது!

1959-ஆம் ஆண்டை மட்டும் தனியே எடுத்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். அந்த ஆண்டு அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பட்டது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தம் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கியது. 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானதும் பொதுத்துறையின் சொத்தாயிற்று. 14 மாடி, 177 அடி. அந்நாளில் இந்தியாவிலேயே அதைவிட உயர்ந்த மாடி இல்லை. கவிகை மாடமில்லை, கலசமில்லை; நேர்க்கோடும் கான்கிரீட்டும்தான். எந்த மன்னனின் வேடத்தையும் அணியாமல் எழுந்து நின்றது விடுதலை பெற்ற நாட்டின் கட்டடம்.

அதே 1959-இல் மெரினாவில் எழுந்தது உழைப்பாளர் சிலை. சிற்பி தேவி பிரசாத் ராய் சௌதுரி. நான்கு பேர் பாறையைப் பெயர்க்கின்றனர். நரம்பு புடைக்கிறது, முதுகு வளைகிறது. 1923-இல் சிங்காரவேலர் மே நாளை முதன்முதலாகக் கொண்டாடிய கடற்கரை அது. ஒரே ஆண்டில் நகரம் இரண்டு உயரங்களைக் கண்டது: ஒன்று மாடியின் உயரம், மற்றொன்று மாடியைத் தூக்கியவனின் உயரம். அண்ணாந்து பார்க்கப் பழகிவிட்டோம் முன்னதை. பின்னதை?

பார்த்தோமா என்பதற்குச் சான்று கேட்கிறீர்களா? 2014 ஜூன் 28, மௌலிவாக்கம். கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. மாண்டவர் 61 பேர். பெரும்பாலோர் வேலை தேடி வந்த கட்டடத் தொழிலாளர். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இருந்தனர் அவர்களுள். லோகநாத முதலியார் காலத்தில் கொத்தனின் பெயர் கல்வெட்டில் ஏறவில்லை. நம் காலத்தில் கொத்தனின் பெயர் ஏறியது — சாவுப் பட்டியலில்! நூறாண்டில் செங்கல் போய்க் கான்கிரீட் வந்தது. கயிறு போய்ப் பாரந்தூக்கி வந்தது. தூக்குபவனின் உயிருக்குக் காப்பு வந்ததா? மாறியிருக்க வேண்டியது இது தோழர்களே, மாறாமல் நிற்கிறது!

குடிசைகளுக்கு வருவோம். 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. தீப்பிடிக்கும் கூரை போய் மாடி வீடு வந்தது. வாழ்க அந்த எண்ணம்! ஆனால் எண்ணம் மட்டும் சுவரைத் தாங்காது. கடற்காற்றின் உப்பு, கான்கிரீட்டுக்குள் நுழைந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்ததும் கான்கிரீட்டைப் பிளக்கும். கவனியாது விட்டால் கட்டடம் முப்பது வயதிலேயே முதுமை எய்தும். 1993-இல் திருவொற்றியூரில் கட்டப்பட்ட வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி 2021 டிசம்பரில் சரிந்தது. விரிசலைக் கண்டதும் குடியிருந்தோர் வெளியேறினர், உயிர் தப்பினர். 1892-ஆம் ஆண்டின் நீதி மாளிகை நிற்கிறது. 1993-ஆம் ஆண்டின் ஏழை வீடு நிற்கவில்லை. சுண்ணாம்பு உயர்ந்தது, சிமெண்டு தாழ்ந்தது என்பதா இதன் பொருள்? அன்று! எல்.ஐ.சி. மாளிகையும் கான்கிரீட்தான்; 1975-இல் தீவிபத்தையும் தாங்கி நிற்கிறது. பழுது பார்க்கப்படுகிறவன் வீடு நிற்கும். மறக்கப்படுகிறவன் வீடு விழும். அதுதான் பொருள்!

இன்னொன்று. கூவக்கரையில் வாழ்ந்தவனுக்குக் கண்ணகி நகரில் வீடு தந்தோம் என்கிறோம். நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு! அதிகாலையில் பூக்கடைக்கும் மீன் சந்தைக்கும் வேலைக்கு வரவேண்டியவளுக்குப் பயணமே பொழுதைத் தின்கிறது. அன்று பீரங்கிக்குக் குறுக்கே நிற்கிறாய் என்று இடம் பெயர்த்தனர் கறுப்பர் நகரத்தாரை. இன்று ஆற்றுக்குக் குறுக்கே நிற்கிறாய் என்கிறோம். வெள்ளம் வரும் கரையில் வாழவிடுங்கள் என்று நான் வாதாடவில்லை. பிழைப்புக்கு நடந்துபோகும் தொலைவில் வீடு தாருங்கள் என்றுதான் கேட்கிறேன். மாளிகைக்கு நகரின் நடுவே இடமுண்டு, அங்காடிக்கு இடமுண்டு, அவற்றைப் பெருக்கித் துடைப்பவளுக்கு மட்டும் இடமில்லையா?

இருதரப்பார் என்மீது பாயக்கூடும். “பழைய கட்டடமெல்லாம் அடிமைச் சின்னம், இடித்தெறி!” என்பார் ஒருவர். “பழையதே அழகு, புதியதெல்லாம் அலங்கோலம்” என்பார் மற்றொருவர்.

முதலாமவருக்கு ரிப்பன் மாளிகையைக் காட்டுவேன். ஆங்கில அரசப் பிரதிநிதியின் பெயரால் எழுந்த மாளிகை. அதே மாளிகையில் 2022-இல், தாழ்த்தப்பட்ட சமுதாயத்தைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் முதன்முதலாக மேயர் நாற்காலியில் அமர்ந்தார். சுவர் மாறவில்லை, தூண் மாறவில்லை, வாயில் மாறிற்று! அடிமைச் சின்னத்தை அழிக்கும் வழி கடப்பாரை மட்டுமன்று. உள்ளே நுழைவது அதனினும் உறுதியான வழி.

இரண்டாமவருக்கு மூர் மார்க்கெட்டை நினைவூட்டுவேன். 1985-இல் எரிந்துபோனது சிவந்த சுவர் மட்டுமா? பழைய புத்தகக் கடை எரிந்தது. காசில்லாத மாணவனின் கல்லூரி அது! கட்டடத்துக்காக மட்டும் கண்ணீர் விட்டால், அதில் வாழ்ந்தவனை மறந்தவராவோம். அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது, அக்கறையுள்ள சிலர் நீதிமன்றம் சென்று தடுத்தனர், சுவர் தப்பியது. நல்லது. ஆனால் காப்பாற்றப்பட்ட கட்டடம் பூட்டிக் கிடந்தால், ஆலஞ்செடி வேரூன்றி அதைத் தின்றுவிடும். மக்கள் புழங்காத கட்டடத்தை எந்தத் தீர்ப்பாலும் காக்க இயலாது.

ஆகவே தோழர்களே, கேட்டுக் கலைவதற்கன்று இக்கூட்டம். உங்கள் வட்டத்தில் நூறாண்டு கண்ட பள்ளி உண்டா, மருத்துவமனை உண்டா, படிப்பகம் உண்டா என்று கணக்கெடுங்கள். சுவரில் செடி முளைத்திருந்தால் வேர் இறங்குமுன் அகற்றச் சொல்லுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய கொத்தனார் எவரேனும் இருந்தால், இளைஞர் இருவரை அவரிடம் கற்றுக்கொள்ளச் செய்யுங்கள். வாரியக் குடியிருப்புகளில் மாடிப்படியின் அடியில் குனிந்து பாருங்கள். கம்பி தெரிகிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று, அங்குள்ள தாய்மார்களையே கேட்டு எழுதி, மாமன்ற உறுப்பினர் மேசையில் வையுங்கள். நம்மவர் ஆட்சியா, பிறர் ஆட்சியா என்று பார்த்துக் கேட்காதீர்கள். விரிசல் கட்சி பார்த்து விடுவதில்லை! கட்டடம் எழும் இடத்தில் தலைக்கவசமும் பாதுகாப்பு வலையும் உண்டா என்று பாருங்கள். நலவாரியத்தில் பதியாத தொழிலாளி இருந்தால், அவன் பேசும் மொழி எதுவாயினும், கைப்பிடித்து அழைத்துச் சென்று பதியுங்கள்.

இன்னும் நூறாண்டு கழித்து இந்நகரைக் காண வருகிறவன், இங்கே எத்தனை மாடி எழுந்தது என்று எண்ணமாட்டான். அதைவிட உயர்ந்ததை அவன் காலத்தில் கட்டியிருப்பான். இந்த மாடிகளைக் கட்டியவர்கள் எங்கே குடியிருந்தனர் என்று கேட்பான். “இங்கேதான், இந்நகரின் நடுவிலேதான்” என்று சொல்லத்தக்க விடையை இன்றே கட்டத் தொடங்குவோம்.