சொல் தீட்டும் மனவோவியம்
(பொழிவின் எழுத்துவடிவம்)



ஒரு சொல்லைச் செவி கேட்டதும் உள்ளம் ஓர் ஓவியந் தீட்டிக்கொள்கின்றது. 'குறிஞ்சி' என்றால் மலையும் அருவியும் தினைப்புனமுந் தோன்றும். இவ்வாற்றலை அறிந்தே நம் முன்னோர் திணை வகுத்தனர். ஆனால், ஒரு குடியின் பெயரைக் கேட்டதும் எழும் ஓவியத்தைத் தீட்டியவர் யார்? நாமா? நம் கண்ணை மறைத்த பிறப்புப் பிரிவினையா?

பறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பறைதல்' என்பது சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அப்பொருள் வழங்குகின்றது. தொல்காப்பியர் கருப்பொருள்களை அடுக்குங்கால், தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் வைத்தார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என உரையாசிரியர் வகுத்துரைப்பர். புறநானூற்று 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், பாணரும் பறையரும் துடியரும் கடம்பருமன்றி வேறு குடியில்லை என்கின்றார். அங்கே நிற்பது பெருமித ஓவியம்.

இன்றோ? அப்பெயரின்மேல் தீண்டாமைக் கரி பூசப்பட்டுள்ளது. அச்சொல்லே ஆங்கிலத்திலும் புகுந்து, ஒதுக்கப்பட்டவன் என்னும் பொருளில் அகரமுதலிகளில் அமர்ந்துவிட்டது! 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. நெஞ்சிலுள்ள ஓவியத்தை எச்சட்டம் அழிக்கும்? வாடகைக்கு வீடு கேட்டு வந்தவனின் முகம் பாராமல் குலம் வினவிக் கதவடைப்பது அவ்வோவியமன்றோ?

இன்னொன்று காண்மின். 'குயத்தி' என்றதும் மண் பிசையும் கைகள் மட்டுமே தோன்றுகின்றனவா? வெண்ணிப் போரில் வென்ற கரிகாலன் முன்னின்று, புறப்புண் நாணி வடக்கிருந்த சேரன் நின்னினும் நல்லனல்லனோ என வினவியவர் வெண்ணிக்குயத்தியார். வேந்தனுக்கு அறம் உணர்த்திய அம்முகத்தை அச்சொல்லோடு சேர்த்தெண்ணுங்கள்.

சங்கப் பாட்டிலும் 'இழிசினன்' என்னும் சொல் உண்டு; அதனை மறைக்க வேண்டா. பழமை என்பதற்காகவே எல்லாவற்றையும் போற்றுதல் அறிவுடைமையாகாது. நல்லதைக் கொள்வோம், இழிவைத் தள்ளுவோம்.

ஆசிரியப் பெருமக்களே! புறநானூறு கற்பிக்கும்போது, குடிப்பெயரைச் சொல்லி, முதலில் என்ன தோன்றிற்று என மாணவரைக் கேளுங்கள். பின்னர்ப் பாட்டைப் படித்துக் காட்டுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அவர்களே அளக்கட்டும். பாட்டு மட்டும் இழிவைத் துடைத்துவிடாது. துடைக்க வேண்டியது எது என்பதைக் காட்டும். துடைக்க வேண்டியவர் நாமே.

தமிழன் என்னும் சொல்லைக் கேட்டதும், மேல்கீழற்ற ஒரே முகம் நம் உள்ளத்தில் எழ வேண்டும். அதுவரை நாம் ஓரினம் என்பது வெறும் வாய்ச்சொல்லே!