துப்பாக்கிக்கு ஒரு சோதனை



தாராவியின் கும்பார்வாடாவில் பானை வாங்கும் தாய்மார்கள் அதனை விரலால் தட்டிப் பார்த்த பிறகே விலை பேசுகின்றனர். ஓசை நன்றாக இருந்தால் பானை வீட்டுக்கு வரும். இல்லையேல் கடையிலேயே தங்கிவிடும். உயிரைக் காக்கவும் போக்கவும் வல்ல துப்பாக்கியை எவ்வாறு தட்டிப் பார்ப்பது? அதனைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விழைகின்றேன்.

நம் மும்பையில், வொர்லியில், மகாராஷ்டிர ரைபிள் சங்கத்தின் சுடுதளம் இருக்கின்றது. இத்தகைய தளங்களில் கையாளப்படும் ரைபிள்களுள் ஒருவகை 'போல்ட் ஆக்‌ஷன்' எனப்படுவது. போல்ட் என்பது வேறொன்றுமன்று. நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் போன்றதே. அதன் பிடியை உயர்த்திப் பின்னே இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். முன்னே தள்ளினால் புதுத் தோட்டா உள்ளே புகும். பிடியைக் கீழே திருப்பினால் தாழ் விழுந்து குழல் இறுக மூடிக்கொள்ளும். ஒவ்வொரு குண்டுக்கும் இவ்வளவும் கையாலேயே நடைபெற வேண்டும். குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்டுள்ள புரிகள் குண்டைச் சுழலச் செய்து, நேர்வழியில் செலுத்துகின்றன.

சோதனை தொடங்குமுன் தாழ்ப்பாளைத் திறந்து, குழல் வெறுமையாக உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். திருகாணிகள் இறுகியிருத்தல் வேண்டும். பின்னர் துப்பாக்கியை மணல்மூட்டையின்மேல் தாங்கி வைத்து, குறிநோக்கியைச் சிறிதும் மாற்றாமல், ஒரே புள்ளியை நோக்கி ஐந்து முறை சுடுவார்கள். புதிதாகப் பழகுபவர் நடுப்புள்ளியில் குண்டு பட்டதா என்று ஆவலுடன் பார்ப்பார். தேர்ந்தவரோ ஐந்து துளைகளும் ஒன்றையொன்று நெருங்கியுள்ளனவா என்றே பார்ப்பார்.

இதன் காரணத்தை ஒரு கடைத் தராசைக் கொண்டு விளக்கலாம். எப்போதும் பத்துக் கிராம் கூட்டிக் காட்டும் தராசைத் திருத்திவிடலாம். ஒருமுறை கூட்டியும் மறுமுறை குறைத்தும் காட்டும் தராசை என்ன செய்வது? துளைகள் நெருங்கி, ஓரமாக விழுந்தால் குறிநோக்கியைச் சிறிது திருப்பினால் போதும். சிதறி விழுந்தாலோ குழலிலோ, திருகாணியிலோ, தோட்டாவிலோ, சுடுபவர் கையிலோ குறை உண்டு. ஒவ்வொன்றாக ஆராய வேண்டும்.

தோட்டாவிலும் ஒரு விந்தை உண்டு. ஒரே தொழிற்சாலையின் தோட்டாக்களுள்ளும் ஒரு தொகுதி ஒரு குழலுக்குப் பொருந்தும். மற்றொரு தொகுதி பொருந்தாது. ஆதலால் போட்டியாளர்கள் துப்பாக்கியைப் பிடிப்பானில் இறுக்கி, பல தொகுதிகளையும் சுட்டுப் பார்த்துத் தமக்குரியதைத் தேர்ந்தெடுக்கின்றனர். குழல் சூடேறினாலும் குண்டு விழுமிடம் மாறக்கூடும். ஆறவிடும் பொறுமையும் சோதனையின் பகுதியே.

ஆனால் துளைகள் நெருங்கி விழுந்தால் மட்டும் போதுமா? 2008ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் இரவை நாம் மறக்க முடியாது. ஊருக்குச் செல்லும் வண்டிக்காக நம்மவர் மூட்டை முடிச்சுகளுடன் காத்திருந்து பழகிய சத்ரபதி சிவாஜி நிலையத்திலே, கொடியோர் இருவர் சுட்டதில் 58 பேர் மாண்டனர். அவர்கள் கையிலிருந்தது ஏ.கே. வகைத் தானியங்கித் துப்பாக்கி. நிமிடத்துக்குச் சுமார் 600 குண்டு வேகத்தில் சுட வல்லது. ரயில்வே பாதுகாப்புப் படையின் ஜில்லு யாதவ் தோழர் ஒருவரின் பழைய ரைபிளை வாங்கி அவர்களை எதிர்த்துச் சுட்டார். துணிவுக்குக் குறைவில்லை. ஆயினும் குண்டுக்கு ஒருமுறை தாழ்ப்பாளை இழுக்கும் கருவி அப்போருக்கு ஏற்றதன்று. எப்பணிக்காக என்ற கேள்வியே முதற் சோதனையாகும்.

அதே தாழ்ப்பாள் தனக்குரிய இடத்தில் எத்துணைச் சிறப்புடையது என்பதையும் கண்டோம். அந்நிலையத்தையே தலைமையிடமாகக் கொண்ட மத்திய ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தவர் கோலாப்பூர் மாவட்டத்து ஸ்வப்னில் குசாலே. 2024 ஆகஸ்ட் 1 அன்று, பாரிஸ் ஒலிம்பிக்கில், 50 மீட்டர் ரைபிள் போட்டியில் மண்டியிட்டும், படுத்தும், நின்றும் சுட்டு, 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார். இப்போட்டியில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தானளவே. அங்கே விரைவு வேண்டுவதில்லை. ஒரே சீரான பொறுமையே வேண்டும்.

மாதுங்காவிலும் செம்பூரிலும் இக்கலையில் நாட்டமுள்ள இளைஞர்கள் இருக்கலாம். அவர்கள் தேசிய மாணவர் படை வழியாகவோ, ரைபிள் சங்கத்தின் வழியாகவோ, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டே பழகுதல் வேண்டும்.

பானையைத் தட்டிப் பார்க்கும் தாய் இரண்டு கேள்விகள் கேட்கின்றாள்: இது பழுதற்றதா? எனக்கு வேண்டியதற்கு இது உதவுமா? துப்பாக்கிக்கும் இவ்விரண்டே கேள்விகள். காக்கும் கடமை உடையவரின் கையில் நாம் எதனைக் கொடுக்கிறோம் என்பதை, ஆபத்து வருமுன்னே தட்டிப் பார்த்தல் நாட்டின் கடமையாகும்.