மலையும் ஒரு சத்திரமே

(பனவடலிசத்திரத்தில் கூடிய நமது சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வரும் ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி யாத்திரை செல்ல நம்மவர் பலர் விரதம் பூண்டிருக்கின்றனர். அவர்களை வழியனுப்புமுன் சில வார்த்தைகள் கூறுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். ஏறி இறங்கிய அனுபவம் ஒன்றே நமக்குள்ள தகுதி.

நம் ஊர்ப் பெயரின் பிற்பாதி சத்திரம் என்பது. சத்திரமாவது வழிநடப்போர் தங்கி இளைப்பாறும் இடம். அதில் தங்குவோனுக்குக் கடமை இரண்டு. அவ்விடத்தின் ஒழுங்குக்குக் கட்டுப்படுவது ஒன்று. பின்னால் வருவோனுக்காக அவ்விடத்தைத் துப்புரவாக விட்டுச் செல்வது மற்றொன்று. இவ்விரண்டையும் மறந்தவனை நம் முன்னோர் விருந்தினன் என்று மதியார். மலை யாத்திரைக்கும் இதுவே விதி என்பது நம் கருத்து.

நாம் சங்கரன்கோவில், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வத்திராயிருப்பை அடைந்து, தாணிப்பாறை அடிவாரத்தில் வண்டியை விட்டு இறங்குகிறோம். அதற்குமேல் கால்நடையே கதி. வழுக்குப் பாறை, சங்கிலிப் பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம் முதலியவற்றைக் கடந்து சுந்தர மகாலிங்கத்தின் சந்நிதியை அடைய, முதியோருக்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். அப்பால் சந்தன மகாலிங்கம்.

அங்கே இறைவன் திருமேனி சாய்ந்திருக்கக் காண்கிறோம். பச்சைமால் என்னும் இடையன், தன் பசுவின் பாலை அருந்தியவர் இன்னார் என அறியாது கோலால் அடித்தான் என்றும், அடியுண்டவர் சிவபெருமானே என்றும் ஸ்தலக் கதை கூறும். அறியாது அடித்தவனுக்கு ஆண்டவன் அருள் செய்தான். அறிந்தே அடிக்கும் நமக்கு என்ன சமாதானம் உண்டு?

அறிந்தே அடிப்பது யாதெனில், அவ்வனத்தை நாம் நடத்தும் விதமே. ஸ்ரீவில்லிபுத்தூர் வனம் 1988ஆம் வருஷம் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாயிற்று. 2021இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. இம்மலைத்தொடரின் நீரே பிளவக்கல் அணைகளில் தேங்கி, வத்திராயிருப்பு வயல்களை விளைவிக்கிறது. அத்தகைய இடத்தில் பிளாஸ்டிக் பைகளையும், குடித்தெறிந்த பாட்டில்களையும், கழற்றிவிட்ட துணிகளையும் ஓடையில் போட்டுவிட்டு, பாவம் தொலைந்தது என்று திரும்புகிறோம். பாவம் தொலையவில்லை, ஓடையில் கிடக்கிறது.

இனி ஒழுங்குக்குக் கட்டுப்படுவதைப் பற்றி, நம் குற்றத்தை நாமே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் நாம் தரிசனம் முடித்து இறங்குகையில், மலை உச்சியில் மேகம் கவிந்தது. நாம் நின்ற இடத்தில் ஒரு துளி மழையில்லை. ஓடையில் முழங்காலளவு நீரே இருந்தது. காவலுக்கு நின்றவர்கள் கடக்கலாகாது என்று தடுத்தனர். அடிவாரத்தில் வண்டி காத்திருக்கிறதே, இந்த நீருக்கா அஞ்சுவது என்று நாம் உரத்து வாதாடினோம். நம்முடன் வந்த மூத்த அன்னையார் ஒருவர், "ஏறவிட்டவன் இறங்கவும் விடுவான், சும்மா உட்காருங்கள், ஐயா" என்றார். அவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து, மனமின்றி உட்கார்ந்தோம்.

கால் மணி கழியவில்லை. செந்நிற நீர் மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு வந்தது. நாம் கடக்க எண்ணிய கற்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. வாதாடிய வாய்கள் மூடின, குழந்தைகள் அழுதன. நீர் வடியும்வரை அப்பாறையிலேயே இருந்தோம். 2015ஆம் வருஷம் மே மாதத்தில், இம்மலையின் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் சிலர் உயிரிழந்ததை அப்போதுதான் மெய்யாக நினைத்தோம். அவர்களும் நம்மைப்போல் வீடு திரும்ப எண்ணியவர்களே.

ஆகையால் யாத்திரை செல்லும் அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம். மழையைக் கண்டு வனத்துறையார் வழியை மூடினால், அடிவாரத்திலேயே கைகூப்பித் திரும்புங்கள். அது பக்திக் குறைவன்று. நெஞ்சு நோயும் மூச்சு வாங்குதலும் உள்ள முதியோர் வைத்தியரைக் கேட்டபின் புறப்படுக. இளைஞர்கள் முந்தி ஓடாமல், மெல்ல நடப்போரின் நடைக்குத் தம் நடையை இணைத்துக்கொள்க. கொண்டு சென்ற பொருளில் கழிந்தது யாவும் துணிப்பையில் திரும்பி வரட்டும்.

மலையேற இயலாதோர் வருந்த வேண்டுவதில்லை. அதே ஆடி மாதத்தில் அருகிலுள்ள சங்கரன்கோவிலில் கோமதியம்மன் தபசுக்காட்சி நடைபெறுகிறது. அரனும் அரியும் ஓருருவாய் நிற்கக் காண விரும்பி அன்னை தவமிருந்த தலமன்றோ அது! பொறுத்திருப்பவர்க்கே காட்சி என்பதை அதனினும் தெளிவாக யார் உரைப்பார்?

சத்திரத்தின் பெயரைத் தாங்கிய ஊரார் நாம். மகாலிங்கத்தின் மலைச் சத்திரத்தில் நல்ல விருந்தினராய்த் தங்கி, போனவர் அனைவரும் குறைவின்றி வீடு வந்து சேர வேண்டுமெனப் பிரார்த்தித்து அமர்கிறோம்.