மாலைச் சிற்றுண்டியும் உடல் எடையும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர், அந்தந்த ஊரின் மொழியைக் கற்பதற்கு முன்பே அதன் பலகாரங்களைப் பழகிக்கொண்டு விடுகின்றனர். தில்லியில் சமோசா, மும்பையில் வடாபாவ், அகமதாபாத்தில் கச்சோரி என மாலை நேரம் சுவையாகக் கழிகிறது. அதற்காக நம் ஊர்ப் பலகாரத்தைக் கைவிட்டோமா எனில், அதுவும் இல்லை. விடுமுறை கழிந்து திரும்பும்போது முறுக்கும் அதிரசமும் டப்பா டப்பாவாக உடன் வருகின்றன. இரு மாநிலப் பலகாரங்களுக்கும் நாம் உரிமை கொண்டாடுகிறோம். அதன் விளைவு இடுப்பின் சுற்றளவில் தெரிகிறது.

நம் ஒரு நாளைய உணவைச் சற்று எண்ணிப் பாருங்கள். காலையில் இட்டலி, நண்பகலில் சோறு, இரவில் சப்பாத்தி. மூன்றிலும் மாவுச்சத்தே மிகுதி. இடையில் உண்ணும் சமோசாவோ, மேலே மைதாவும் உள்ளே உருளைக்கிழங்குமாக அதே மாவுச்சத்தையே எண்ணெயில் பொரித்துத் தருகிறது. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து பணிபுரிவோரின் உடல், தேவைக்கு மிஞ்சியதைக் கொழுப்பாக மாற்றிச் சேமிக்கிறது. அது பெரும்பாலும் வயிற்றைச் சுற்றியே படிகிறது. இடுப்பின் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரையும், பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டுதல் நன்றன்று. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு நோய் உடையோர் என்று 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு மதிப்பிட்டதை நினைத்தால், இது வெறும் அழகைப் பற்றிய கவலையன்று என்பது விளங்கும்.

1918-இல் குன்னூரில் சிறு ஆய்வுக்கூடமாகத் தோன்றி, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அது 2024-இல் வெளியிட்ட உணவு நெறிமுறைகளில், தானியங்களிலிருந்து பெறும் ஆற்றல் நூற்றுக்கு 45 பங்குக்கு மேற்படலாகாது என்று அறிவுறுத்துகிறது. சோற்றையும் சப்பாத்தியையும் ஒரே நாளில் பாதியாகக் குறைப்பது குடும்பத்தில் எளிதன்று. மாலைச் சிற்றுண்டியை மாற்றுவது எளிது. ஆகவே சீர்திருத்தத்தை அங்கே தொடங்கலாம்.

எவற்றை உண்ணலாம்? வேர்க்கடலையில் மாவுச்சத்து குறைவு. ஏறத்தாழக் கால் பங்கு புரதம். ஆயினும் கொழுப்பு மிகுதியாதலால் ஒரு கைப்பிடியோடு, அதாவது 30 கிராமோடு, நிறுத்திக்கொள்ளல் வேண்டும். அவித்த முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. மாவுச்சத்து ஒரு கிராம்கூட இல்லை. வடநாட்டில் எங்கும் கிடைக்கும் பனீரைப் பொரிக்காமல், மிளகுத்தூள் தூவிச் சில துண்டுகள் உண்ணலாம். வெள்ளரிக்காய், குளிர்காலத்து முள்ளங்கி, கொய்யாப்பழம், உப்புக் குறைத்த நீர்மோர் ஆகியனவும் நல்லவை.

கொண்டைக்கடலைச் சுண்டலில் மாவுச்சத்து இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் புரதமும் நார்ச்சத்தும் அதனுடன் சேர்ந்திருப்பதால், அது மெல்லச் செரித்து நெடுநேரம் பசி தாங்குகிறது. நவராத்திரியின் ஒன்பது நாளோடு சுண்டலுக்கு விடை கொடுத்துவிடாமல், ஆண்டு முழுதும் அதை ஆதரிக்கலாம். அதன் உறவினர் எங்கும் உளர். மராட்டியரின் முளைகட்டிய பயறு உசல், தில்லித் தெருக்களில் வெங்காயமும் எலுமிச்சையும் கலந்து தரும் கறுப்புக் கொண்டைக்கடலை, பீகாரில் வறுகடலை மாவை நீரில் கரைத்து உப்பிட்டு அருந்தும் சத்து ஆகியவை அவ்வினத்தைச் சேர்ந்தவையே.

எடையில் இலேசானவை எல்லாம் உடலுக்கும் இலேசானவை என்று கருதுவது பிழை. பொரி, அவல், மகானா ஆகியவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு மாவுச்சத்தே. விரத நாளில் உண்ணும் ஜவ்வரிசிக் கிச்சடியில் ஜவ்வரிசி அனேகமாக முழுவதும் மாவுச்சத்து. தேநீரையும் மறத்தலாகாது. நாளொன்றுக்கு நான்கு கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால், 30 கிராமுக்கு மேற்பட்ட சர்க்கரை நாம் அறியாமலே உள்ளே செல்கிறது. வாரம் ஒரு கரண்டியாகக் குறைத்து வந்தால் நாக்கும் பழகிவிடும்.

ஓர் எச்சரிக்கை: நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோரும், சிறுநீரக நோய் உடையோரும் மருத்துவரைக் கேளாமல் உணவை மாற்றலாகாது.

ஊரிலிருந்து வந்த முறுக்கை வீசி எறியுமாறு நான் கூறவில்லை. அன்போடு செய்து அனுப்பியதை விருந்தினரோடும் அண்டை வீட்டாரோடும் பகிர்ந்து உண்ணுங்கள். நமக்கு ஒன்றிரண்டு போதும். நாள்தோறும் மாலையில் இல்லத்திற்கு வருவோர்க்கும், பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தைகட்கும் முதலில் கண்ணில் படுவது கிண்ணத்தில் சுண்டலாக இருக்கட்டும். பசித்தவர் எதிரில் இருப்பதையே உண்பர்.